அலையைத் துடைத்த அச்சாபீஸ்காரன்

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீஸ் பல உண்டு. அதில் என்னுடையதும் ஒன்று என்று எழுதினால் அது பொய்யான பணிவு. லேபிளில் கிளியின் மூக்கு சிவப்பாக இருக்கவேண்டும், அந்தச் சிவப்பு மூக்கைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே வரக்கூடாது என்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் பிறந்தது எப்போதும்வென்றான். ஊர்ப்பெயரே அப்படி இருக்கும்போது நான் தோற்றுத் திரிவது ஊருக்குச் செய்கிற துரோகம்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கும் போனேன், மூன்று நாள். அதன்பிறகு அச்சாபீசில் ரோலர் கழுவப் போய், ஈய எழுத்துக் கோத்து, மெஷின் ஓட்டி, கடைசியில் சொந்த மெஷின் போட்டேன். ஆங்கிலம் எனக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும். அதுவும் ஈய எழுத்தில் பழகியதால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரியும். சேர்த்து வாசிக்கத் தெரியாது. நாற்பது வருஷமாக ஆங்கிலம் அடித்துத் தள்ளியும் ஒரு வாக்கியம் என் மேல் ஒட்டவில்லை. ஆனால் என் அச்சாபீசிலிருந்து ஒரு கெட்ட தாள் வெளியே போனதில்லை.

போகப்பார்த்தது ஒரே ஒரு முறை. அதைத்தான் எழுதுகிறேன். என் மனைவி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆறு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். 'அண்ணாச்சி, மக என்ன படிக்கா?' என்று யாராவது கேட்டால் 'வெளிச்சம்' என்பேன். 'வெளிச்சத்துல என்ன படிக்கா?' என்று கேட்டால் 'உங்களுக்குப் புரியாது' என்பேன். எனக்கும் புரியாது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டே விட்டேன்.

"மைக்கா தகடு பாத்திருக்கீங்கல்லாப்பா? ஏடு ஏடா உரியும்லா? அது மாதிரி ஒரு கல்லு. டேப்ப ஒட்டி ஒட்டி உரிச்சுக்கிட்டே போனா, கடைசியில ரெண்டு மூணு அணு கனத்துல ஒரு ஏடு வரும்."

"எந்த டேப்பு?"

"நம்ம ஒட்டு டேப்புதான்."

"டேப்பு ஒட்டி உரிக்கவா ஆறு வருஷம்? நம்ம பைண்டிங்ல இருக்க அக்காகிட்ட குடுத்தா மதியத்துக்குள்ள முடிச்சிருவா."

"கேளுங்கப்பா. அந்த ஒத்த ஏட்டுல லேசர் அடிச்சா நல்லா மினுங்கும். ரெண்டு ஏட்ட நேருக்கு நேரா அடுக்கினா மினுக்கம் மங்கிரும். அதையே கொஞ்சூண்டு திருகி அடுக்கினா வேற ஒரு வெளிச்சம் வரும். எத்தன டிகிரி திருகுதோம்ங்கதப் பொறுத்து கலரும் மாறும், பெலமும் மாறும்."

"திருகினா எதுக்குட்டி வெளிச்சம் மாறணும்?"

அவள் சாம்பாரில் விரலைத் தொட்டுத் தட்டில் இரண்டு கோடு போட்டாள். "மேல ஒரு வகை ஏடு, கீழ வேற ஒரு வகை ஏடு. வெளிச்சம் பட்டதும் ஒரு எலக்ட்ரான் இருந்த இடத்த விட்டு எந்திரிச்சிரும். அது எந்திரிச்ச இடம் காலியா கெடக்கும். காலி இடமும் எலக்ட்ரானும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே ஜோடியா இருக்கும். மறுபடியும் சேரும்போது வெளிச்சத்தக் கக்கும். எங்க அடுக்குல எலக்ட்ரான் ஒரு ஏட்டுல, காலி இடம் இன்னொரு ஏட்டுல."

"புருசன் மாடியில, பொண்டாட்டி கீழ் வீட்டுலங்க மாதிரி."

"அப்படியே வச்சுக்கோங்க. தள்ளித் தள்ளி இருக்கதாலதான் அந்த ஜோடி ரொம்ப நேரம் நெலைக்கும்."

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, அப்போ உங்க பாயத் தூக்கி மாடியில போட்டுரட்டா?"

அதற்கு மேலும் மகள் என்னவோ நெளிவு, குழி என்று சொல்லிக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி போன் அடித்தார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பின்னால் வந்த அத்தனை வினையும் அந்தப் போனால் வந்தது.

ஆராய்ச்சி முடிந்து, எழுதியதைப் புத்தகமாகக் கட்டிப் பெரிய ஆட்களுக்கு முன்னால் வைத்து, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டம் வந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, என் புத்தகத்துல ஒரு படம் இருக்கு. நீங்க அடிச்சுத் தருவீங்களா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். காரணம் உண்டு. அவள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு அழைப்பிதழ் இனாமாக அடித்துக் கொடுத்தபோது, பரிசு வாங்குகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரை மட்டும் தங்க மையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். தலைமையாசிரியர் பெயர் அதற்குக் கீழே சின்னதாக இருந்தது. அன்று அழுதவள், அதற்குப்பிறகு தன்னுடைய ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட என் மெஷின் பக்கம் கொண்டுவந்ததில்லை. இப்போது தானாகக் கேட்கிறாள்.

"வெளியூர்லேருந்து ஒரு பெரிய புரொபசர் வாராவ. என் ஏடு ரெண்டும் நான் சொல்லுத அளவுக்குத் திருகித்தான் இருக்குதாங்கதே சந்தேகம்னு எழுதியிருக்காவ. கம்ப்யூட்டர்ல காட்டினா நம்பமாட்டாவளாம். தாள்ல லென்ஸ வச்சுப் பாத்தாத்தான் நம்புவாவளாம். இங்கன ரெண்டு கடையில அடிச்சுப் பாத்துட்டேன்ப்பா. நெளிவு விழுந்து படம் கெட்டுப்போகுது. உங்க கையிலன்னா சரியா வரும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் மனைவியிடம் நான்கு முறை சொன்னேன். ஐந்தாவது முறை அவள் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டாள்.

நெளிவு என்று அவள் சொன்னதை எங்கள் தொழிலில் 'அலை' என்போம். கொசுவலையை இரண்டாக மடித்து விளக்குக்கு நேரே பிடித்தால் வலையில் இல்லாத பூப்பூவான நெளிவு ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். அச்சிலும் அதே கதைதான். அச்சடித்த படம் எல்லாமே பொடிப்பொடிப் புள்ளி. ஒவ்வொரு கலரின் புள்ளி வரிசைக்கும் ஒரு சாய்வு உண்டு. சாய்வு தப்பினால் புள்ளியும் புள்ளியும் மோதி அலை விழும். அலை விழுந்த லேபிளை எந்த முதலாளியும் வாங்கமாட்டார். என் அச்சாபீசில் அலையைக் கண்டால் மெஷினை நிறுத்தாதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது.

படம் கம்ப்யூட்டரில் வந்தது. கறுப்பு வெள்ளை. தேன்கூடு மாதிரிப் பொடிக் கட்டம், அதற்கு மேல் வரிசை வரிசையாகப் பெரிய வெள்ளைத் திட்டு. ஐந்து புத்தகத்துக்கு ஐந்து தாள் போதும். ஐந்து தாளுக்காக, ஆயிரக்கணக்கில் அடிக்கிற ஆப்செட்டில் பிளேட் போடுகிறவன் உலகத்தில் உண்டா? நான் போட்டேன். சொந்தமாகப் பிளேட் எடுக்கும் மெஷின் இந்த ஊரில் ஒருசிலரிடம்தான் உண்டு. அந்த ஒருசிலரில் நானும் ஒருவன்.

முதல் தாள் விழுந்ததும் மெஷின்மேன் நிறுத்திவிட்டான். முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறவன்.

"அண்ணாச்சி, அலை விழுது."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். விழுந்துதான் இருந்தது. படத்தின் பொடிக் கட்டமும் அச்சுப் புள்ளியும் மோதிக் குறுக்கே பட்டை பட்டையாக ஒரு அலை, அதற்கு அடியில் வெள்ளைத் திட்டுத் திட்டாக இன்னொரு அலை. பெங்களூர்க்காரன் இரண்டு பேரைத் தோற்கடித்த அலை இதுதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"படத்துலயே இருக்கு, அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல பாருங்க, இந்த வெள்ளத் திட்டு அங்கனயும் தெரியுது."

"போட்டோ புடிச்சவனே கெடுத்துருக்கான்லே. எம்மகளுக்கு அச்சு தெரியாதுல்லா, அதான் அப்படியே அனுப்பிட்டா. நான் எதுக்கு இருக்கேன்?"

டிசைன் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு அலையை எடுக்கச் சொன்னேன். அவள் இதில் கெட்டிக்காரி. ஒரு மணி நேரத்தில் படம் புதிதாக வெள்ளையடித்த சுவர்போல ஆகிவிட்டது. ஒரே சீரான சாம்பல் நிறம். ஒரு திட்டு கிடையாது, ஒரு நெளிவு கிடையாது. மை சீராக விழவேண்டும் என்று ஆயிரம் தாள் ஓட்டி, அதில் ஐந்தைப் பொறுக்கி எடுத்து, மகள் அனுப்பிவைத்த மற்றப் பக்கங்களோடு சேர்த்து, பச்சைக் காலிகோ துணி அட்டை போட்டுக் கட்டிவைத்தோம். மகளிடம் சொல்லவில்லை. நேரில் பார்த்து வாயடைத்துப் போகட்டும் என்று இருந்தேன்.

அவள் காலை ரயிலில் வந்து குளிக்காமல்கூட அச்சாபீசுக்கு வந்தாள். ராத்திரி ரயிலில் புத்தகத்தோடு திரும்பவேண்டும், மறுநாள் மதியம் பரீட்சை. புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அட்டையைத் தடவினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

வாயடைத்துத்தான் போனாள்.

"படம் எங்கப்பா?"

"அதுதான்மா படம்."

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"அதான! ஒரு அலை காட்டு பாப்போம்."

மெஷின்மேன் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி கஷ்டப்பட்டு எடுத்தாவ, பாப்பா. படத்துக்குள்ளயே ஒரு அலை கெடந்துச்சு. அதயும் எடுத்தாச்சு."

அவள் அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மெதுவான குரலில் சொன்னாள்:

"அப்பா, அந்த அலைதான் என் ஆராய்ச்சி."

தீபாவளியன்று நான் போன் பேசப் போனபோது விட்டதை அப்போதுதான் கேட்டேன். இரண்டு ஏட்டைத் திருகி அடுக்கினால் ஒன்றின் அணு வரிசையும் மற்றதன் அணு வரிசையும் மோதி ஒரு அலை விழுமாம். அந்த அலையில் பள்ளம் பள்ளமாக இருக்குமாம். கரிசக்காட்டில் மழை பெய்தால் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி, மாடி ஜோடி போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். அவள் பார்த்த புது வெளிச்சம் அங்கேயிருந்துதான் வருகிறதாம். அந்த வெள்ளைத் திட்டுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்தால் எத்தனை டிகிரி திருகியது என்று தெரிந்துவிடுமாம். அந்த வெளியூர்ப் புரொபசர் லென்ஸ் வைத்துத் தேடப்போவதும் அதைத்தான்.

"கடையில நெளிவு விழுதுன்னு நீதானட்டி சொன்ன?"

"குறுக்கால பட்டை விழுதுல்லாப்பா, அதச் சொன்னேன். அது மெஷின் போட்ட அலை. அது போகணும். என் அலை இருக்கணும்."

"ரெண்டு அலையில ஒண்ண மட்டும் எடுக்கணுமா?"

"ஆமா."

"அதயும் சாயங்காலத்துக்குள்ளயா?"

"முடியலைன்னா விடுங்கப்பா," என்றாள்.

அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழைய அழைப்பிதழ் ஞாபகம் அவள் முகத்தில் தெரிந்தது. இந்த ஒன்றும் கெட்டால் அவள் இனி தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட சிவகாசியில் போய் அடிப்பாள்.

பழைய படத்தை அப்படியே போட்டு இன்னொரு பிளேட் எடுத்தோம். பட்டை வந்தது. மெஷின் தானாகப் போடுகிற சாய்வு நாற்பத்தைந்து டிகிரி. அதைக் கொஞ்சம் மாற்றிப் போட்டோம். பட்டை இன்னும் அகலமாகி, பனியன் மாதிரி வரி வரியாக வந்தது. மறுபடி மாற்றினோம். இந்த முறை பட்டை அவள் திட்டுகளைப் பாதி விழுங்கிவிட்டது. மணி பன்னிரண்டு. இப்படி ஒவ்வொரு பிளேட்டாகக் குருடன் தடவுகிற மாதிரி தடவினால் ரயில் போய்விடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை எனக்குத்தான் வந்தது. மெஷின்மேன் இப்போது தனக்கு வந்ததாக டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பிளேட் எடுக்கும் மெஷின் வருவதற்கு முன் நாங்கள் ஃபிலிம் வைத்துத்தான் வேலை செய்தோம். கண்ணாடி போன்ற தாள், அதில் வெறும் புள்ளி. எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. என் மனைவி இதை என் கெட்ட குணங்களில் இரண்டாவதாக வைத்திருக்கிறாள். பீரோவைக் குடைந்து, பிளேட்டில் விழுகிற அதே அளவுப் புள்ளி உள்ள ஃபிலிம் ஒன்றை எடுத்துவந்தேன்.

"போட்டோக் கடையில போட்ட படம் ஏதும் வச்சிருக்கியா? அச்சடிச்சது இல்ல, புள்ளி இல்லாமக் கழுவினது."

அவள் நோட்டில் ஒன்று ஒட்டியிருந்தாள். அதே அளவு. அதை, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் வைத்து, மேலே ஃபிலிமைப் போட்டு, இரண்டு விரலால் மெதுவாகத் திருகினேன். பட்டை அகன்றது. இன்னும் திருகினேன். பட்டை சுருங்கி நெருங்கியது. இன்னும் ஒரு நூல். பட்டை பொடிந்து, பொடியாகி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்தது. அவளுடைய வெள்ளைத் திட்டுகள் மட்டும் ஆளற்ற தெருவில் விளக்குக் கம்பம் மாதிரி தனியாக நின்றன.

"அசைக்காதீங்கப்பா!"

என் விரல் அசையவில்லை. அதுதான் என் சொத்து. அவள் ஓடிப்போய் ஒரு கோணமானியைக் கொண்டுவந்து சாய்வை அளந்தாள். அளந்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி?"

"ஆறு வருஷமா நான் செய்யுத வேலை இதாம்ப்பா. ஒரு நூல் திருகுதது, பாக்கது. ஒரு நூல் திருகுதது, பாக்கது."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ஆறு மாசத்துல முடிச்சிருக்கலாம்," என்றேன். அவள் அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.

அளந்த சாய்வில் பிளேட் எடுத்து மெஷினில் கட்டினோம். நான் மறுமுனையில் மகளோடு நின்றேன். இரண்டு தாள் விழுந்தது. மூன்றாவது தாளில் மெஷின் நின்றது.

"அண்ணாச்சி, அலை விழுது!"

"விழட்டும்லே! ஓட்டு!"

முப்பது வருஷத்தில் அவன் கேட்காத வார்த்தை. கை பட்டன் மேல் இருக்கிறது, அழுத்த வரவில்லை. "அலை விழுதுங்கேன்" என்றான் மறுபடியும், எனக்குக் காது கேட்கவில்லையோ என்று. கடைசியில் மகள் போய் அவன் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். தாள் தாளாக அவள் அலை வந்து விழுந்தது. குறுக்கே ஒரு பட்டை கிடையாது. பைண்டிங் அக்கா பழைய பக்கத்தை ஓரத்தோடு வெட்டி எடுத்து, அந்த நுனியில் புதுப் பக்கத்தை ஒட்டினாள். டேப்பு உரிக்க அவளை விட்டால் மதியத்துக்குள் முடிப்பாள் என்று நான் சொன்னது வெறும் பேச்சில்லை. ஐந்து புத்தகத்தையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

நானும் மனைவியும் கூடப் போனோம். ரயிலில் மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, நாளைக்கு அங்கன நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

"ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தகூட."

"முடியுமான்னு கேட்டுக்கோ," என்றாள் மனைவி. "முடியாது."

முடிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே இதைத்தான் முதலில் சொல்வேன். கடைசி வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புரொபசர் என் வயதுக்காரர், மெலிந்த ஆள். புத்தகத்தைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, அந்தப் பக்கத்தில் குனிந்தார். என் அச்சாபீஸ் லென்ஸைவிட மட்டமான லென்ஸ். நெடுநேரம் குனிந்தே இருந்தார். ஒரு அளவுகோல் கேட்டு வாங்கித் திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே அளந்தார். மகளின் கை துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் நிமிர்ந்து என்னவோ கேட்டார். மகள் கடைசி வரிசையைக் காட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரு அடிச்சதுன்னு கேக்காவ," என்று மனைவி என் விலாவில் இடித்தாள்.

நான் எழுந்தேன். நெஞ்சுக்குள் நாற்பது வருஷக் கதை முட்டியது. ரோலர் கழுவியது, கிளி மூக்கு, ஃபிலிம், இரண்டு விரல். கையெடுத்துக் கும்பிட்டேன். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப்பிறகு மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். நான் துடைத்த தாள், சாம்பல் சுவர். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அறை முழுக்கச் சிரித்தது. புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொன்னா?" என்றேன் மனைவியிடம். வாயைத் திறக்காமல் பல்லுக்கு நடுவே கேட்டதால் இது கணக்கில் வராது.

"எங்க அப்பா ஆறு வருஷ ஆராய்ச்சிய ஒரு மணி நேரத்துல அழிச்சாவ, அப்புறம் ஒரு நாள்ல திருப்பிக் குடுத்தாவன்னு சொல்லுதா."

பட்டம் உண்டு என்று சொன்னதும் நான் வெளியே வந்து, மரத்தடியில் டீ விற்றுக்கொண்டிருந்தவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவருக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும். கடைசிவரை தலையாட்டிக் கேட்டார், நல்ல மனிதர்.

துடைத்த தாளில் மிஞ்சியதை மனைவி சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருக்கிறாள். அச்சாபீசில் என் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஒன்று துடைத்தது, ஒன்று அலையோடு. லேபிள் கொடுக்க வருகிற முதலாளிமாரிடம் 'எது நல்ல அச்சு, சொல்லுங்க பாப்போம்' என்பேன். இதுவரை வந்த அத்தனை பேரும் துடைத்த தாளைத்தான் காட்டினார்கள். மெஷின்மேனும் இன்றுவரை அதைத்தான் காட்டுகிறான்.

நான் யாரையும் திருத்துவதில்லை. ஒருமுறை திருத்திப் பார்த்ததே போதும். மகள் வந்தால் மட்டும், அவள் உட்காருகிற பக்கத்தில் அலைத் தாள் இருக்கும்படி சட்டத்தை இடம் மாற்றி மாட்டிவைப்பேன்.